மொட்டைமாடிக் காட்சி: த்ரில்லர், பேய், குற்றப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை இரவு ஒரு படம் போடுகிறோம். அக்கம்பக்கத்தார், என்னோடு வேலை பார்த்த செவிலியர்கள், அவர்களுடைய பிள்ளைகள் என்று இருபது பேர் வரை வருவார்கள். பெரும்பாலும் மர்மப் படம், பேய்ப் படம், இல்லாவிட்டால் குற்றப் படம். படம் முடிந்து காபி குடிக்கும்போது எழும் கேள்விகள் மாதாமாதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கின்றன. அதனால் என் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வந்தால் அன்றைய படத்தைப் பற்றிப் பேச நேரம் மிஞ்சும்.

சிஸ்டர், எப்போதும் கொலையும் பேயும்தானா? வேறு படமே உங்களுக்குப் பிடிக்காதா?

பிடிக்கும். ஆனால் வேறு படங்களைப் பார்க்க ஆயிரம் இடம் இருக்கிறது. இந்தப் படங்களைத்தான் ஆட்கள் தனியாகப் பார்த்துவிட்டு, யாரிடமும் பேசாமல் மனதுக்குள் வைத்துக்கொள்கிறார்கள்.

1984இல் எனக்குப் பதினோரு வயது. அப்பா என்னை 'நூறாவது நாள்' படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். மொட்டைத் தலையும் வட்டக் கண்ணாடியுமாகச் சத்யராஜ் திரையில் வந்து நின்றபோது அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு பல வாரம் அந்த முகம் போகவில்லை. ஆனாலும் மறுபடி பார்க்க வேண்டும் என்றே இருந்தது. பயமும் ஆசையும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு செவிலியர் ஆனேன். இருபத்திரண்டு வருடம் அதிகமும் இரவுப் பணி. விபத்திலோ தற்கொலையிலோ அடிதடியிலோ ஒருவர் இறந்து வரும்போது, உடன் வந்தவர்கள் அழுவதற்கு முன்னால் கேட்பது ஒரே கேள்விதான்: எப்படி ஆனது? அதற்குப் பதில் கிடைக்கும்வரை அவர்களுக்கு அழுகை கூட முழுதாக வருவதில்லை. குற்றப் படம் அந்தக் கேள்வியை இரண்டரை மணி நேரம் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நல்ல படமாக இருந்தால், இறந்தவர் யார் என்பதையும் மறக்காமல் உட்கார்ந்திருக்கிறது. நான் ஒரு படத்தை மதிப்பிடுவது இதை வைத்துத்தான். கீழே வரும் பதில்களில் இதையே திரும்பத் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மர்மப் படம், த்ரில்லர், பேய்ப் படம் எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. எஸ். பாலசந்தர் இயக்கிய இரண்டு படங்களை வைத்தே முதல் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிடலாம். 'அந்த நாள்' (1954) படத்தில் ஒருவன் சுட்டுக் கொல்லப்படுகிறான். சுட்டது யார் என்று நமக்கும் தெரியாது, துப்பறிகிறவருக்கும் தெரியாது. இது மர்மம். 'பொம்மை' (1964) படத்தில் ஒரு பொம்மைக்குள் வெடிகுண்டு இருக்கிறது. நமக்குத் தெரியும், அதைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்குத் தெரியாது. இது த்ரில்லர். முதலாவதில் நாம் யோசிக்கிறோம். இரண்டாவதில் திரையைப் பார்த்துக் கத்த வேண்டும் போலிருக்கிறது. பேய்ப் படத்தில் கேள்வியே வேறு: நான் பார்த்தது உண்மையிலேயே அங்கே இருந்ததா?

புதிதாக ஆரம்பிக்கிறவர் முதலில் எதைப் பார்க்கலாம்?

'அந்த நாள்.' வயது எழுபதைத் தாண்டிவிட்டது என்பதால் தள்ளி வைக்காதீர்கள்.

1943 அக்டோபரில் சென்னைமீது ஜப்பானிய விமானம் குண்டு போட்ட நாட்களில் கதை நடக்கிறது. நகரமே பயந்து கிடக்கிறது. ராஜன் என்ற ரேடியோ பொறியாளன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு விழுகிறான். சிவாஜி கணேசன்தான் ராஜன். 'பராசக்தி' வந்து இரண்டே வருடம் ஆகியிருந்த நேரம். அப்படிப்பட்ட நடிகரைப் படம் ஆரம்பித்த உடனேயே கொன்றுவிட்டு, பிறகு மனைவி, தம்பி, அண்டை வீட்டுக்காரர் என்று ஒவ்வொருவரும் சொல்லும் கதைக்குள் அவரைத் திரும்ப எழுப்பிக்கொண்டு வருகிறார் இயக்குநர். ஒருவர் சொல்லும் ராஜன் வேறு, இன்னொருவர் சொல்லும் ராஜன் வேறு. கொன்றது யார் என்று தேடிக்கொண்டே போகும் நாம், ஒரு கட்டத்தில் ராஜன் எப்படிப்பட்டவன் என்று தேட ஆரம்பித்துவிடுகிறோம். இறந்தவனைப் பற்றிய படம் என்று இதைத்தான் சொல்வேன். துப்பறியும் அதிகாரியாக வரும் ஜாவர் சீதாராமன்தான் திரைக்கதையும் எழுதியவர்.

படத்தில் ஒரு பாட்டு கூட இல்லை. வரிசையாகப் பாட்டு வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில் ஏவி.எம். நிறுவனம் இதை வெளியிட்டது. இதில் எனக்கு எப்போதும் வியப்பான விஷயம், பாட்டே வேண்டாம் என்று முடிவெடுத்த பாலசந்தர் ஒரு பெரிய வீணை வித்வான் என்பதுதான். மௌனத்தின் மதிப்பு சங்கீதக்காரருக்குத்தானே தெரியும்.

அப்படியென்றால் த்ரில்லரில் பாட்டே இருக்கக் கூடாது என்கிறீர்களா?

அப்படிச் சொல்லமாட்டேன். பாட்டு தேவைப்படாத கதையில் பாட்டைத் திணிப்பதுதான் தவறு. 'குருதிப்புனல்', 'ஓநாயும் ஆட்டுக்குட்டியும்', 'கைதி' ஆகியவற்றில் பாட்டு வந்திருந்தால் மூச்சு அறுந்திருக்கும். ஆனால் பாட்டே பயமாக மாறும் இடங்களும் உண்டு.

பாண்டிச்சேரிக்குப் போகும் தனியார் பஸ்ஸில் 'என் இனிய பொன் நிலாவே' கேட்காத நாள் குறைவு. ஜேசுதாஸ் குரல், கிதார், கடல் காற்று. தூக்கம் கண்ணைச் சுழற்றும். கல்யாண மேடையில் கூடப் பாடுகிறார்கள். பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) படத்தில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். பெண்களைக் கொல்கிற ஒருவன், தான் கடத்திக்கொண்டு வந்து வைத்திருக்கும் பெண்ணுக்கு முன்னால் உட்கார்ந்து கிதார் வாசித்துப் பாடுகிறான். அவன் குரலில் இருப்பது உண்மையான அன்பு. அதுதான் நடுங்க வைக்கிறது. பிரதாப் போத்தன் பாடுவதை ஷோபா கேட்டுக்கொண்டிருக்கும் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டால், பிறகு பஸ்ஸில் அந்தப் பாட்டுக்குத் தூக்கம் வராது. இளையராஜாவின் நூறாவது படம் இது. தனியாகக் கேட்டால் காதல் பாட்டு, படத்துக்குள் கேட்டால் பிடிபட்டவளின் சிறை. ஒரே மெட்டை இப்படி இரண்டுமாக ஆக்குவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

உங்களை உண்மையாகவே பயமுறுத்திய படம் எது?

'ஈரம்' (2009). இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை நான் பணி முடித்துக் கிளம்பும் நேரத்தில்தான் தேவனாம்பட்டினம் பக்கமிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். அன்றைக்கு மூன்று வேளையும் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஆனால் அதற்குப் பிறகு, தண்ணீரில் மூழ்கும் காட்சி எந்தப் படத்தில் வந்தாலும் எழுந்து போய்விடுவேன். ஐந்து வருடம் அப்படியே இருந்தேன்.

'ஈரம்' படத்தில் பேய் என்று தனியாக ஓர் உருவம் துரத்திக்கொண்டு வருவதில்லை. தண்ணீர்தான் பேய். ஒழுகும் குழாய், நனைந்த சுவர், கதவுக்கு அடியில் மெல்லப் பரவிக்கொண்டு வரும் ஈரம். இயக்குநர் அறிவழகனும் ஒளிப்பதிவாளர் மனோஜ் பரமஹம்சாவும் படம் முழுக்க மழையையும் மங்கிய நிறத்தையும் வைத்திருக்கிறார்கள். தோழி வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனாள். முதல் அரைமணி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தேன். பிறகு எப்படியோ திறந்தேன்.

காரணம் அந்தப் பெண்தான். படம் இறந்துபோன ஒரு பெண்ணைப் பற்றியது. அவளைத் தெரிந்துகொள்ள நமக்கு நேரம் தருகிறார்கள்: யாரை விரும்பினாள், யாரைத் திருமணம் செய்துகொண்டாள், அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்தார் அவளைப் பற்றி என்ன பேசினார்கள். எல்லாம் தெரிந்த பிறகு தண்ணீர் பயமாக இல்லை. அவள் பேசுவதற்கு மிஞ்சியிருந்த ஒரே வழி அது என்று தோன்றியது. வெளியே வந்தபோது அழுதுகொண்டிருந்தேன். அடுத்த வாரம் வெள்ளிக் கடற்கரைக்குப் போய் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். பேய்ப் படம் மனதுக்கு மருந்து என்று எல்லாருக்கும் சொல்லமாட்டேன். எனக்கு இந்த ஒரு படம் அப்படி இருந்தது.

அந்த வாரம் 'ஈரம்' போட்டபோது ஏன் முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லி அனுப்பினீர்கள்?

மேலே சொன்னதுதான் காரணம். இந்தக் கரையில் என்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள். தண்ணீர், தீ, தூக்கு, குழந்தை மரணம் இவை படத்தில் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுவேன். எழுந்து கீழே போகிறவர்களை யாரும் கிண்டல் செய்யக் கூடாது. இது ஒன்றுதான் மாடியில் கண்டிப்பான விதி.

'ராட்சசன்' பிடிக்காது என்று சொன்னீர்களாமே?

யார் சொன்னது? பள்ளிப் பெண் பிள்ளைகளைக் கொல்கிற ஒருவனைத் தேடும் கதையான ராம்குமாரின் 'ராட்சசன்' (2018) படத்தை நான்கு முறை பார்த்திருக்கிறேன். காட்சிக்குக் காட்சி கயிற்றை இறுக்கிக்கொண்டே போகிற திறமை தமிழில் வெகு சிலருக்குத்தான் கைகூடியிருக்கிறது. ஜிப்ரானின் இசை, பரிசுப் பெட்டிக்குள் இருக்கும் அந்தப் பொம்மை முகம், வகுப்பறையில் நடக்கும் அந்த ஒரு காட்சி எல்லாமே மறக்க முடியாதவை. அந்த வகுப்பறைக் காட்சியில் பேய் இல்லை, கத்தி இல்லை. பிள்ளைகள் தினமும் பயப்படுகிற ஒரு விஷயம் மட்டும் இருக்கிறது. அதைப் போல உண்மையான காட்சியை எடுத்ததற்காகவே அந்த இயக்குநரை மதிக்கிறேன்.

எனக்கு இருக்கும் குறை வேறு. படம் முடிந்ததும் ஒரு கேள்வி கேட்டேன், மாடியில் இருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: இறந்துபோன பெண் பிள்ளைகளில் எத்தனை பேரின் பெயரைச் சொல்ல முடியும்? கதாநாயகனின் அக்கா மகள் அம்முவைத் தவிர வேறு யாரையும் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கொலையாளியின் சிறு வயது, அவனுக்கு நேர்ந்த அவமானம், அவன் பழக்கம் எல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவனுக்கு ஒரு முழு முன்கதை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடையும் ஒரு புகைப்படமும் மட்டும்.

இது அந்த ஒரு படத்தின் குறை அல்ல. தொடர் கொலைகாரனைப் பற்றிய படம் என்றாலே அவனைச் சுற்றியே கட்டுகிறோம். அவன் எவ்வளவு புத்திசாலி, எப்படித் தப்பித்தான் என்று பார்வையாளரும் ரசிக்கப் பழகிவிடுகிறார். எனக்கு வேண்டியது ஒரே ஒரு காட்சிதான். அந்தப் பிள்ளை காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது அம்மாவிடம் எதற்காகச் சண்டை போட்டாள், மதியச் சாப்பாட்டில் எதைப் பிடிக்கவில்லை என்று மிச்சம் வைத்தாள், இவ்வளவு போதும். இரண்டு நிமிடம் ஆகாது. படம் அதற்காக மெதுவாகிவிடும் என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு பிள்ளை காணாமல் போனால் தெருவே நின்றுவிடுகிறது. படம் இரண்டு நிமிடம் நின்றால் குறைந்து போகாது.

கொலையாளிக்கு மனநோய் என்று காட்டுவது சரிதானே? சாதாரண ஆள் அப்படிச் செய்வானா?

செய்வான், செய்கிறான். செய்தித்தாளைப் பாருங்கள்: சொத்து, சந்தேகம், குடி, சாதி, பணம். மனநோய் உள்ளவர்கள் பிறரைத் தாக்குவதை விட, பிறரால் தாக்கப்படுவதுதான் அதிகம். மனநலப் பிரிவில் வேலை பார்த்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். ஒரு படத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் மருத்துவர் ஒருவர் வந்து வாயில் நுழையாத ஒரு நோயின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் விளக்கிவிட்டுப் போகும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்த நோயோடு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அதே தியேட்டரில் உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பக்கத்தில் அவர் மனைவியும் உட்கார்ந்திருப்பார்.

உடல் குறையைக் கொடூரத்துக்கு அடையாளமாக வைப்பதும் இதே தவறுதான்.

நகைச்சுவைப் பேய்ப் படம் ஏன் போடுவதில்லை? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

ஒருமுறை போட்டேனே, 'காஞ்சனா' (2011). அந்தப் படத்தை மட்டமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. முதல் பாதியில் ராகவா லாரன்ஸ் அம்மா இடுப்பில் ஏறிக்கொள்கிற காட்சிகள் எனக்கு நீளம்தான். ஆனால் காஞ்சனா யார் என்று சொல்ல ஆரம்பித்த பிறகு மாடியில் ஒரு சத்தம் இல்லை. வீட்டார் ஒதுக்கிய ஒரு திருநங்கை, தன்னைப் போன்ற இன்னொருத்தியை மருத்துவராக்க உழைக்கிறாள். அவள் நிலத்தைப் பிடுங்கிக் கொன்றுவிடுகிறார்கள். சரத்குமார் அந்த வேடத்தைக் கேலி இல்லாமல், மானத்தோடு செய்திருக்கிறார். பேயாக வந்தவளுக்கு ஒரு வாழ்க்கை இருந்தது என்று படம் மனதார நம்புகிறது. பின்னால் அதைப் பார்த்து எடுத்தவர்கள் சிரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அந்த வாழ்க்கையை விட்டுவிட்டார்கள். அவற்றைத்தான் நான் போடுவதில்லை.

பேய்க் கதைக்கும் கடலூருக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்றீர்களே, என்ன அது?

புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது நம் திருப்பாதிரிப்புலியூரில். திருநெல்வேலிக்காரர் என்றே எல்லாரும் சொல்வார்கள், குடும்பம் அந்த ஊர்தான், எழுத்தின் பேச்சும் அந்த ஊர்தான். ஆனால் பிறந்த மண் இது. தினமும் ரயிலுக்குப் போகிறவர்களுக்குக் கூட இது தெரிவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அவர் 1943இல் எழுதிய 'காஞ்சனை' என்ற சிறுகதையை நம் பேய்ப் பட இயக்குநர்கள் எல்லாரும் ஆளுக்குப் பத்து முறை படிக்க வேண்டும். ஒரு வீடு, ஒரு எழுத்தாளர், அவர் மனைவி, வேலைக்கு வந்து சேரும் ஒரு பெண். கதையில் முதலில் வருவது ஒரு வாசனை. நடுராத்திரி, எங்கிருந்து என்று தெரியாத ஒரு நெடி. கதவு தானாகத் திறப்பதில்லை, விளக்கு அணைந்து அணைந்து எரிவதில்லை. படிக்கிறவர் நம்பவும் முடியாமல் நம்பாமல் இருக்கவும் முடியாமல் நடுவில் நிற்கிறார். கடைசிவரை அந்த இடத்திலிருந்து புதுமைப்பித்தன் நம்மை இறக்கிவிடுவதில்லை.

திரையில் வாசனையைக் காட்ட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒலியால் அதைச் செய்யலாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்த பிறகு நாள்கணக்கில் எங்கள் தெருவில் மின்சாரம் இல்லை. அந்த இரவுகளில் இருட்டு எங்களை ஒன்றும் செய்யவில்லை. எங்கோ ஒரு தகரம் ஆடுகிற சத்தம், பாதி முறிந்த கிளை இன்னும் கொஞ்சம் முறிகிற சத்தம், இவைதான் தூங்க விடவில்லை. நம் படங்களில் திடீரென்று காது கிழிகிற மாதிரி இசையை அடித்து ஆளைத் தூக்கிப்போடுகிறார்கள். அது திடுக்கிடல். பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் திடுக்கிடலாம். தகரம் ஆடுகிற சத்தத்தை வைத்து ஒருவர் படம் எடுக்கட்டும், முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

போலீஸ் படங்கள், என்கவுன்டர் படங்கள் போடுவதுண்டா?

போலீஸ்காரர் துப்பறியும் படங்கள் போடுவேன். 'துருவங்கள் பதினாறு', 'போர் தொழில்' இரண்டும் போட்டாயிற்று. இரண்டிலும் அதிகாரிகளுக்குத் தவறும் தயக்கமும் இருக்கின்றன. சுட்டுக் கொல்வதையே தீர்ப்பாக்கிக் கைதட்டல் வாங்கும் படங்களைப் போடமாட்டேன். கேட்டு வருத்தப்பட்டவர்கள் உண்டு, மன்னிக்கவும்.

குற்றப் படம் என்றால் குற்றம் யார் செய்தாலும் குற்றம்தான். வெற்றிமாறனின் 'விசாரணை', கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தான் குண்டூர் போலீசில் பட்டதை எழுதிய 'லாக்கப்' நூலிலிருந்து வந்தது. செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். மர்மமே இல்லை, அடிக்கிற அந்தக் குற்றத்தைச் செய்வது யார் என்று முதலிலேயே தெரியும். இருந்தாலும் நாற்காலி நுனியில் உட்கார்ந்துதான் பார்க்க முடிகிறது.

'ஜெய் பீம்' (2021) போட்ட அன்று என் மாடியில் நாற்பது பேர் இருந்தார்கள். அது நம் மாவட்டத்துக் கதை. 1993இல், இன்றைய கடலூர் மாவட்டத்தில், திருட்டு வழக்கென்று அழைத்துப் போகப்பட்ட ராஜாக்கண்ணு காவலில் இறந்தார். அவர் தப்பி ஓடிவிட்டதாகச் சொன்னார்கள். வழக்கறிஞராக இருந்த கே. சந்துரு ஆட்கொணர்வு மனு போட்டு அந்த மனைவிக்காக வாதாடினார். பிறகு அவர் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியும் ஆனார். உண்மையில் ராஜாக்கண்ணு குறவர் சமூகத்தவர், படத்தில் இருளர் என்று மாற்றியிருக்கிறார்கள். அந்த மாற்றத்தைப் பற்றி அன்று மாடியில் சூடாகவே பேசினோம், எனக்கும் அது உறுத்தல்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். படம் முழுக்க ஒரு பெண், நிறைமாதமாக, 'என் கணவர் எங்கே' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். வேறு எதைக் கொடுத்தாலும் அவள் வாங்கிக்கொள்வதில்லை. நான் முதலில் சொன்னேனே, 'எப்படி ஆனது' என்று மருத்துவமனை வாசலில் கேட்பார்களே, அதே குரல்.

படம் முடிந்தபின் விருத்தாசலம் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், அந்த நாட்களில் சந்தையில் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதை நினைவுபடுத்திச் சொன்னார். அன்று காபி ஆறிப்போய்க் கிடந்தது.

முடிவைச் சொல்லிவிட்டால் என்ன? நல்ல படம் என்றால் தெரிந்தும் பார்க்கலாமே?

இரண்டாம் முறை பார்க்கும்போது தெரிந்துதான் பார்க்கிறோம், அந்தச் சுகம் தனி. முதல் முறையை அடுத்தவரிடமிருந்து பிடுங்கும் உரிமை யாருக்கும் இல்லை.

புதுச்சேரியில் என்னோடு படித்த தோழியின் தாத்தா ஒரு சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர். பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவரும் வீடியோ கேசட்டுகளை எங்களுக்குப் போட்டுக் காட்டுவார். அந்த நாட்டு வண்ண முறை வேறு என்பதால் வண்ணப் படங்கள்கூட எங்கள் ஊர்ப் பெட்டியில் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். அன்று அவர் போட்டது ஆன்ரி-ஜார்ஜ் க்ளூசோ 1955இல் எடுத்த 'லே தியபோலிக்'. அது பிறவியிலேயே கறுப்பு வெள்ளைப் படம், அதனால் ஒன்றும் குறையவில்லை. ஒரு பள்ளிக்கூடம், அதை நடத்தும் கொடுமைக்காரன், அவன் மனைவி, அவனுடைய காதலி. இரண்டு பெண்களும் சேர்ந்து அவனைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். இதற்கு மேல் சொல்லமாட்டேன். ஏனென்றால் படம் முடிந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வருகிறது. தாத்தா அதை எங்களுக்குத் தமிழில் சொன்னார்: நீங்களும் பிசாசுகளாகிவிடாதீர்கள், பார்த்ததை நண்பர்களிடம் சொல்லி அவர்களுடைய ஆர்வத்தைக் கெடுக்காதீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று, இன்னும் அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன்.

வெளிநாட்டுப் படத்தைப் பார்த்து எடுத்தால் அது திருட்டா?

சொல்லாமல் எடுத்தால் திருட்டு. சொல்லிவிட்டு எடுத்து, நம் ஊர் மனிதர்களை உள்ளே வைத்தால் அது தழுவல். 'புதிய பறவை' (1964) ஒரு வங்காளப் படத்தின் வழியாக ஓர் ஆங்கிலப் படத்திலிருந்து வந்த கதை. ஆனால் 'எங்கே நிம்மதி' என்று சிவாஜி நொறுங்குகிற அந்தக் குற்ற உணர்வு தமிழ்ப் படத்துக்கே உரியது.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா?

சான்றிதழைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 2024இலிருந்து யுஏ என்பதையே 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், பெற்றோருக்கு இது நல்ல வழிகாட்டி. ஏ சான்றிதழ் படம் என்றால் பதினெட்டு வயது ஆகாதவர்களுக்கு மாடியில் இடமில்லை. என் சொந்தத் தங்கை மகனையே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதில் ஒரு விஷயம் சேர்த்துச் சொல்கிறேன். ஏ படங்களைத் தொலைக்காட்சியில் போட முடியாது. 2017இல் ஜிஎஸ்டி வரும்வரை, தமிழ்நாட்டில் கேளிக்கை வரி விலக்கு வேண்டுமென்றால் தமிழ்ப் பெயரோடு யு சான்றிதழும் வேண்டும் என்றிருந்தது. அதனால் பெரியவர்களுக்கான குற்றப் படத்தைக் கூட வெட்டிக் குறுக்கி, எல்லாரும் பார்க்கலாம் என்று வெளியிட்டார்கள். பலன், ஐந்து வயதுப் பிள்ளை மடியில் உட்கார்ந்து கழுத்தறுப்பைப் பார்த்தது. பெரியவர்களுக்கான படத்தைப் பெரியவர்களுக்கு என்று நேர்மையாகச் சொல்லி எடுப்பதே எல்லாருக்கும் நல்லது.

புதுச்சேரியைப் படங்களில் சரியாகக் காட்டுகிறார்களா?

மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, கடற்கரைச் சாலை, சிவப்புத் தொப்பி போலீஸ்காரர். நான் பார்த்த பல படங்களில் இத்தோடு முடிந்துவிடுகிறது. நானும் அந்தத் தெருக்களை நேசிக்கிறேன். ஆனால் குற்றக் கதை இருப்பது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே எல்லையில் இருக்கும் முள்ளோடையில். இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் ஒரு விலை என்று சாராயப் பாட்டிலுக்காகவே ஓர் எல்லை. ராத்திரி பதினோரு மணி பஸ்ஸில் சோதனைக்கு நிறுத்தும்போது காலடியில் பையைத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்க்கிற ஆட்களின் முகத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். வீட்டில் யாருக்காக அந்தப் பை? அவர்களில் ஒருவரைத் தொடர்ந்து போனால் போதும், படம் தானாக வரும்.

பிச்சாவரத்தை எம்.ஜி.ஆர். 1975இலேயே 'இதயக்கனி'க்காகக் கண்டுபிடித்துவிட்டார். அந்த நீர்வழிகளில் இன்னும் பத்துக் கதைக்கு இடமிருக்கிறது.

தியேட்டரில் பார்ப்பதா, வீட்டிலா?

பேய்ப் படம் தியேட்டரில். நூறு பேர் ஒன்றாக மூச்சை அடக்குவதை வீட்டில் வாங்க முடியாது. ஆனால் ஒலியைச் சரியாக வைத்திருக்கும் தியேட்டராக இருக்க வேண்டும். வலது பக்க ஒலிபெருக்கி வேலை செய்யாத ஓர் அரங்கில் ஒரு நல்ல படத்தைப் பார்த்துவிட்டு, கதையே புரியவில்லை என்று வீட்டுக்கு வந்திருக்கிறேன். பின்னால் வீட்டில் பார்த்தபோதுதான், முக்கியமான காலடி ஓசை வலது பக்கத்திலிருந்து வந்தது என்று தெரிந்தது.

அடுத்த மாதம் என்ன படம்?

பாலசந்தரின் 'நடு இரவில்' (1970). தனித்திருக்கும் ஒரு பெரிய வீடு, கூடியிருக்கும் உறவினர்கள், ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போகிறார்கள். இறந்தவர்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ள ஒரு தாளும் பேனாவும் கொண்டு வாருங்கள், முடிந்தபின் கேட்பேன். இரவு ஏழரைக்கு ஆரம்பம். பாயும் கொசுவத்தியும் நான் வைத்திருக்கிறேன். மழை பெய்தால் கீழே கூடத்தில்.